பக்கவாதத்துக்குப் பின் மறதி: நோட்டா, ஆப்பா, மாத்திரையா, தெரபிஸ்டா?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் சில வாரங்களில் எல்லாருடைய கண்ணும் கை கால் மேல்தான் இருக்கும். விரல் அசைகிறதா, பிடிமானம் இல்லாமல் நாலடி வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். மறதி அப்புறம்தான் தென்படும். காலை மாத்திரை போட்டாச்சா என்று அவரே நாலு தரம் கேட்பார். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, "இன்னும் சாப்பாடு போடலையா" என்பார். நேற்று மருமகன் வந்துபோனதே நினைவில் இருக்காது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் நிலம் வாங்கிய கதையை யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது வரை சொல்வார்.

உடனே ஆளுக்கொரு யோசனை வரும். பேரன் மூளைப் பயிற்சி ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுப்பான். பக்கத்து வீட்டுக்காரர் வல்லாரைப் பொடி என்பார். ஒரு சொந்தக்காரர் ஞாபகசக்திக்கு மாத்திரை எழுதி வாங்கச் சொல்வார். இன்னொருவர், மாதக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றின் நம்பரைக் கொடுப்பார். நம்மிடம் இருப்பதோ கொஞ்சம் பணம், அதைவிடக் கொஞ்சமாக நேரம். எதில் போடுவது?

நான் மருத்துவர் இல்லை. பக்கவாதம் வந்த பெரியம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தில் ஒரு ஆள். படித்தது, டாக்டர்களிடமும் தெரபிஸ்டுகளிடமும் கேட்டது, வீட்டில் கண்ணால் பார்த்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் உழைப்பு நோட்டுக்கும் அலாரத்துக்கும். முதல் செலவு, அந்தப் பழக்கத்தை ஊன்றிக் கொடுக்கத் தெரிந்த தெரபிஸ்டுக்கு. ஆப், அவருக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஞாபகத்துக்கென்று தனி மாத்திரை, எதற்காக என்று டாக்டர் காரணம் சொல்லி எழுதினால் மட்டும். ஆனால் இந்த நான்குக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில், அது மறதிதானா?

மறதி மாதிரியே தெரிகிற பல விஷயங்கள் பக்கவாதத்தோடு சேர்ந்து வரும். அவற்றில் சில சரிசெய்யக் கூடியவை. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

பக்கவாதம் வந்த முதல் நாட்களில் சுமார் நாலில் ஒருவருக்குச் சித்தக் குழப்பம் ஏற்படுகிறது. பகல் எது இரவு எது என்று தெரியாது, இல்லாத ஆளைக் கூப்பிடுவார், ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பார், அடுத்த மணி நேரம் மாறிவிடுவார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது போன்றவை இதைத் தூண்டிவிடும். அது தீர்ந்தால் குழப்பமும் பெரும்பாலும் தீரும். அந்த நாட்களில் அவருடைய ஞாபகசக்தியை அளந்து "இனிமேல் இப்படித்தான்" என்று முடிவுகட்டுவது தப்பு.

அடுத்தது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. எதிலும் நாட்டமில்லாத மனசில் எதுவும் பதியாது. கேட்டால் "தெரியலை", "ஞாபகம் இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்வார். வீட்டில் இருப்பவர்கள் அதை மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

அப்புறம் பேச்சு. இடது பக்க மூளையில் பக்கவாதம் வந்தால் பேச்சிழப்பு வரலாம். அவருக்கு மகள் பெயர் நன்றாகத் தெரியும், வாயில் வராது. அல்லது மருமகள் பெயர் வரும். இது சொல்லெடுக்க முடியாத சிக்கல், நினைவுச் சிக்கல் இல்லை. வலது பக்க மூளை பாதிக்கப்பட்டவருக்கு வேறு மாதிரி. இடது பக்கத்தில் இருப்பது எதுவும் அவர் கவனத்துக்கே வராமல் போகலாம். தட்டில் இடது பக்கம் வைத்த பொரியலைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். "பொரியல் வச்சதையே மறந்துட்டார்" என்போம். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

டாக்டரைப் பார்க்கும்போது இவற்றையும் கேட்டுவிடுங்கள்: தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். தூக்க மாத்திரை, வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள், தூக்கம் வரவைக்கிற சளி மாத்திரை எல்லாமே வயதானவர்களின் ஞாபகத்தை மந்தமாக்கக் கூடியவை. இரவில் பலமான குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறது, சரியாகத் தூங்காத மூளையில் பகலில் கேட்டது தங்காது. காது கேட்கிறதா, கண்ணாடி பவர் சரியாக இருக்கிறதா என்பதும் இந்தப் பட்டியலில் உண்டு.

எந்த ஞாபகம், எவ்வளவு

எல்லாம் கழிந்து, மறதிதான் என்று தெரிந்தால், எந்த மாதிரி மறதி என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு தேர்வு. பொதுவாக, இடது பக்கப் பாதிப்பில் கேட்ட பேச்சும் படித்த விஷயமும் நிற்பதில்லை. வலது பக்கப் பாதிப்பில் வழியும் முகமும் பொருளை வைத்த இடமும் தடுமாறும். மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, புதிய நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பாதிக்கப்பட்டாலோ, தலாமஸ் என்ற பகுதியில் சிறியதாக ஒரு அடைப்பு வந்தாலோ, கை கால் நன்றாக இருந்தும் புதிய விஷயம் எதுவுமே உள்ளே போகாமல் நின்றுவிடலாம்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: குறிப்புக் கொடுத்தால் வருகிறதா, கொடுத்தாலும் வரவில்லையா? மோகா என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் உருவாகி 2005-இல் வெளியானது. 30 மதிப்பெண், 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்று கொள்வார்கள், பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். அதில் ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துக் கேட்பார்கள். வரவில்லை என்றால் "அது ஒரு பூ" என்கிற மாதிரி குறிப்புக் கொடுத்துப் பார்ப்பார்கள். குறிப்பில் வந்துவிட்டால் விஷயம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. பக்கவாதத்தில் இந்த வகை நிறைய. இவர்களுக்கு அலாரமும் நோட்டும் பிரமாதமாக வேலை செய்யும். குறிப்பிலும் வரவில்லை என்றால் விஷயம் பதியவே இல்லை. இவர்களுக்கும் நோட்டு வேண்டும், ஆனால் நோட்டைப் பார்க்கச் சொல்லவே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். டாக்டரிடம் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் இந்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

"தானாகச் சரியாகும், விடு"

இதுவும் ஒரு தேர்வுதான், பாதி உண்மையும் கூட. மூளை தானாக மீள்வது முதல் மூன்று மாதத்தில்தான் வேகம். அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. ஆறு மாதம் தாண்டியும் முன்னேறுகிறவர்கள் உண்டு. அதனால் ஆறாவது வாரத்தில் பதறி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கத் தேவையில்லை. ஆனால் நோட்டுப் பழக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஞாபகம் தானாகத் தேறினால் நோட்டு தானாகக் கழன்றுகொள்ளும், நஷ்டம் ஒன்றுமில்லை. தேறாவிட்டால், மூன்று மாதம் முன்னாலேயே ஊன்றிய பழக்கம் கைகொடுக்கும்.

ஆப், குறுக்கெழுத்து, புதிர்கள்

இதன் பின்னால் இருக்கும் எண்ணம், தசைக்குப் பயிற்சி கொடுத்தால் வலுவாவது மாதிரி ஞாபகத்துக்கும் பயிற்சி கொடுத்தால் வலுவாகும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. 2010-இல் நேச்சர் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பிரிட்டனில் 11,430 பேர், பக்கவாதம் இல்லாத சாதாரண மக்கள், ஆறு வாரம் கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி செய்தார்கள். எந்த விளையாட்டை விளையாடினார்களோ அதில் தேறினார்கள். அதற்கு நெருக்கமான வேறு வேலையில்கூட முன்னேற்றம் இல்லை. 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், லுமோசிட்டி என்ற பிரபலமான ஆப்பை நடத்தும் கம்பெனி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகக் குற்றம்சாட்டியது. அந்தக் கம்பெனி 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

பக்கவாதம் வந்தவர்களுக்கான நினைவுப் பயிற்சிகளை மட்டும் எடுத்து அலசி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2016-இல் வந்தது. 13 ஆய்வுகள், 514 பேர். பயிற்சி முடிந்தவுடன் தங்கள் அன்றாட மறதி குறைந்திருப்பதாக அவர்களே சொன்னார்கள். அந்தப் பலன் நீண்ட நாள் நின்றதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆக, பலனே இல்லை என்று சொல்ல முடியாது. பலன் சிறியது, நிலைக்குமா என்பது நிச்சயமில்லை.

அதனால் வருஷச் சந்தா கட்டி ஆப் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இலவசமாக இருந்து, அவருக்குப் பிடித்திருந்தால், பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம். இரண்டைக் கவனிக்கணும். ஒன்று, பெரும்பாலான ஆப்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரண்டாவது, தப்பாக அழுத்தினால் சத்தம்போட்டுச் சிவப்பு விளக்கு காட்டும். ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருக்கும் ஆளுக்கு அது ஒவ்வொன்றும் ஒரு அடி. அதற்குப் பதில் தாயம், பல்லாங்குழி, சீட்டு எதுவானாலும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து விளையாடட்டும். முறை யாருடையது, காய் எங்கே இருக்கிறது என்று கவனம் வேலை செய்யும், பேச்சும் சிரிப்பும் கூட வரும்.

நோட்டும் அலாரமும்

இந்த வழியின் அடிப்படை வேறு. போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்காமல், ஞாபகம் செய்யவேண்டிய வேலையை வெளியே ஒரு பொருளிடம் ஒப்படைப்பது. பலருக்கு இது தோல்வியை ஒத்துக்கொள்வதுபோலத் தோன்றுகிறது. "நோட்டைப் பார்த்துப் பழகிட்டா மூளை சோம்பேறியாயிடும்" என்று எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். அப்படி ஆவதில்லை. மாத்திரையை நேரத்துக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆளுக்கு வருகிற தெம்பு, அவரை மற்ற வேலைகளுக்கும் இழுத்துக்கொண்டு வருகிறது.

இதற்கு ஆதாரமும் உண்டு. பிரிட்டனில் பார்பரா வில்சனும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மூளைப் பாதிப்பால் மறதியும் திட்டமிடும் சிக்கலும் உள்ள 143 பேருக்குப் பேஜர் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் மட்டுமில்லை, தலைக்காயம் போன்ற மற்றவர்களும் அதில் இருந்தார்கள். குறித்த நேரத்தில் பேஜர் ஒலித்து, செய்ய வேண்டியதை எழுத்தில் காட்டும். 16 வார ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், மாத்திரை எடுப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, சொன்ன நேரத்துக்குப் போவது போன்றவற்றைப் பேஜர் இருந்தபோது தெளிவாகக் கூடுதலாகச் செய்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் சாதாரண போன் அந்தப் பேஜர் செய்த வேலையைச் செய்யும்.

நோட்டா போனா என்பதற்கு என் பதில்: பக்கவாதத்துக்கு முன்னால் அவர் எதைப் புழங்கினாரோ அது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதுதான் இப்போது அவருக்கு ஆகக் கஷ்டமான வேலை. பழைய கைப்பழக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதன் மேல் ஏறிக்கொள்வது சுலபம். பெரியம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை. நீள நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்ததும், சொல்லாமலே தேதியை மேல் மூலையில் எழுதினார். போனை நீட்டியபோது வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். வாட்ஸ்அப்பிலேயே வாழ்ந்த ஒருவருக்கு இது தலைகீழாக இருக்கும்.

எங்கள் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும். மேலே தேதி, கிழமை. அதன் கீழே இடது பாதியில் "இன்று செய்ய வேண்டியது": காலை டிபனுக்குப் பிறகு பிபி மாத்திரை, சின்னது, வெள்ளை. பத்து மணிக்குக் கை கால் பயிற்சி. மாலை வாசலில் நடை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், முடித்ததும் டிக். வலது பாதியில் "நடந்தது": யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், யாரிடமிருந்து போன். சாப்பாட்டைக்கூட எழுதுவோம். "இன்னும் சாப்பாடு போடலையா" என்ற கேள்விக்கு "இப்பதானே சாப்பிட்டீங்க" என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். "நோட்டைப் பாருங்க பெரியம்மா" என்றால், அவரே பார்த்து, தன் கையெழுத்திலேயே "கீரைக்குழம்பு, அப்பளம்" என்று படித்துத் தெரிந்துகொள்கிறார்.

நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கணும், ஒரே இடத்தில்தான் இருக்கணும். சின்னச் சின்னச் சீட்டாக எழுதி அங்கங்கே ஒட்டினால் சீட்டைத் தேடுவதே தனி மறதியாகிவிடும். வலது கை வராதவருக்கு இன்னொருவர் எழுதட்டும், டிக் போடுவது மட்டும் அவர் இடது கையால் செய்யட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மாத்திரை அட்டையையே வெட்டி ஒட்டலாம், ஆட்களின் போட்டோ ஒட்டலாம், போன் அலாரத்தில் மணிச்சத்தத்துக்குப் பதிலாகத் தெரிந்த குரலில் "அம்மா, வெள்ளை மாத்திரை" என்று பதிந்து வைக்கலாம். வெறும் மணி அடிக்கிற அலாரத்தால் பிரயோஜனம் குறைவு. அடித்ததை நிறுத்திவிட்டு, எதற்கு அடித்தது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தினசரி காலண்டரை மறக்காதீர்கள். காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவருக்கே கொடுத்துவிட்டால் தேதி, கிழமை, நல்ல நேரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். நாள் பெயர்கள் எழுதிக் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டியும் வேண்டும். போட்டோமா இல்லையா என்ற கேள்விக்கு அந்த அறை காலியாக இருக்கிறதா என்பதே பதில். பிபி மாத்திரையை மறந்து விடுவதும் ஆபத்து, மறந்து இரண்டு தரம் போடுவதும் ஆபத்து.

நோட்டைப் பழக்குவது எப்படி என்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. நம் ஊரில் பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, "என்னைத் தெரியுதா?" அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர் தடுமாறி ஒரு தப்பான பெயரைச் சொல்வார். அந்தத் தப்பான பெயர் மனசில் பதிந்து, அடுத்த முறையும் அதுவே முதலில் வரும். கடுமையான மறதி உள்ளவர்கள், ஊகித்துத் தப்புச் செய்து கற்பதைவிடத் தப்புக்கே இடமில்லாமல் கற்கும்போது நன்றாகக் கற்கிறார்கள் என்று ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் காட்டினார்கள். தான் செய்த தப்பை ஞாபகம் வைத்துத் திருத்திக்கொள்ள அவர்களால் முடிவதில்லை என்பதே காரணம். அதனால் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்: "உங்க பேரையும் ஊரையும் நீங்களே முதல்ல சொல்லிட்டுப் பேசுங்க." நாமும் "நோட்டு எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. "நோட்டு டிவிக்குப் பக்கத்துல இருக்கு, வாங்க எடுப்போம்" என்று கூடவே போய் எடுக்க வைக்கணும். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு முறை, அப்புறம் மூன்று நிமிஷம், பத்து நிமிஷம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். தடுமாறினால் உடனே பதிலைச் சொல்லிவிட்டு, பழைய சின்ன இடைவெளிக்குத் திரும்பிவிடணும்.

இந்த வழியின் குறையையும் சொல்லணும். இதற்குப் பணம் குறைவு, ஆனால் ஆரம்ப வாரங்களில் வீட்டில் ஒரு ஆளின் பொறுமை முழுசாக வேண்டும். எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், பகலில் வரும் பணிப்பெண்ணுக்கும் இதே முறையைச் சொல்லிக் கொடுத்தாகணும். தனக்கு மறதி இருப்பதையே உணராத ஆள் நோட்டைத் தொட மாட்டார். அங்கே நோட்டைவிட, தினமும் ஒரே வரிசையில் நடக்கிற நாள்தான் கைகொடுக்கும்.

தெரபிஸ்ட்: வீட்டுக்கு வருபவரா, மையத்தில் தங்குவதா?

ஞாபகச் சிக்கலுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டும், மூளைப் பாதிப்பால் நினைவிலும் யோசனையிலும் வரும் சிக்கலைச் சோதிக்கிற நியூரோ சைக்காலஜிஸ்டும். பேச்சும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட். பிசியோதெரபிஸ்ட் கை காலுக்கு. நம் ஊர்களில் பிசியோ எளிதாகக் கிடைப்பார். மற்றவர்கள் பெரும்பாலும் சென்னை, வேலூர், கோவை, மதுரை மாதிரி ஊர்களில்தான். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவு, பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா போன்ற இடங்களுக்கு நம்மவர்கள் போய்வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. கிராமத்தில் இருப்பவர்கள் அதை விடாதீர்கள்.

பிரச்சினை ஞாபகம் மட்டும்தான் என்றால், மாதக்கணக்கில் மையத்தில் தங்கவைப்பதற்கு நான் எதிர்ப்பு. கஷ்டப்பட்டுக் கற்கும் மூளை, கற்ற இடத்தோடு சேர்த்துத்தான் கற்கிறது. மையத்தின் அலமாரியில் மாத்திரைப் பெட்டியை எடுக்கப் பழகியவருக்கு வீட்டுச் சமையலறையில் அது எங்கே என்று தெரியாது. அந்தப் பணத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைச் சில முறை வீட்டுக்கே வரவழைத்தால், அடுப்பு எங்கே, நோட்டு எங்கே, பாத்ரூம் விளக்கு எங்கே என்று பார்த்து அமைத்துக் கொடுப்பார், வீட்டு ஆளுக்கும் சொல்லிக் கொடுப்பார். சிறிய ஊரில் இருப்பவர்கள் ஒருமுறை நேரில் போய் முழுப் பரிசோதனை செய்துவிட்டு, பிறகு வீடியோ காலில் தொடரலாம். அப்போது போனை வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்.

தங்கும் மையம் நியாயமாகிற சூழ்நிலைகளும் உண்டு. நடக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, பேச்சும் இல்லை, கூடவே மறதி என்றால் எல்லாத் தெரபிஸ்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது லாபம். பார்த்துக்கொள்பவரே முறிந்துபோகும் நிலையில் இருந்தாலும் அப்படித்தான். எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பயிற்சி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா எந்த வேலையைத் தானா செய்வார்?" மாத்திரை, குளியல், போன் பேசுவது என்று குறிப்பாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். "ஞாபகசக்தி கூடும்" என்று மட்டும் சொல்கிற இடம் வேண்டாம்.

மாத்திரையும் வல்லாரையும்

சிட்டிகோலின் என்ற மருந்து நம் நாட்டில் பக்கவாதத்துக்குப் பரவலாக எழுதப்படுகிறது. 2012-இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த உடனே 2298 பேரைப் பிரித்து ஒரு சாராருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாள் கழித்து இரு சாராரின் மீட்சியிலும் வித்தியாசம் இல்லை. டோனெபெசில் அல்சைமருக்கான மருந்து. ரத்தக்குழாய் சார்ந்த மறதி நோயில் (டிமென்ஷியா) பரிசோதனை மதிப்பெண்ணில் சிறிது முன்னேற்றம் தரக்கூடும், நாடித்துடிப்பைக் குறைக்கவும் வயிற்றைக் கலக்கவும் கூடும். வல்லாரைக்குப் பக்கவாத மறதியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு, பொடியும் மாத்திரையுமாகத் தினமும் எடுப்பது வேறு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது. எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது. "இது எதற்கு, எவ்வளவு நாள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாபகத்துக்கு உண்மையில் பெரிய காவல், ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் பிபி மாத்திரைதான். முதல் பக்கவாதத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதி நோய் வருகிறது, இரண்டாவது முறை வந்துவிட்டால் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த நிலைக்குப் போகிறார்கள் என்று 2009-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. 6105 பேரைச் சுமார் நான்கு வருடம் தொடர்ந்த புரோகிரஸ் ஆய்வில், பிபியைக் குறைக்கும் சிகிச்சை பெற்றவர்களிடம் கடுமையான சிந்தனைத் திறன் சரிவு 19 சதவீதம் குறைந்தது, மறுபடி பக்கவாதம் வந்து அதோடு சேர்ந்த மறதி நோய் 34 சதவீதம் குறைந்தது. ஞாபகத்துக்கென்று டானிக் வாங்கிவிட்டு பிபி மாத்திரையைத் தவறவிடுகிற வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

காசில்லாமல் சேர்க்கக் கூடியது இரண்டு. பிசியோ அனுமதித்த அளவுக்கு மூச்சு வாங்க நடப்பது, அது யோசிக்கும் திறனுக்கும் உதவுகிறது. அப்புறம் பாட்டு. ஹெல்சிங்கியில் 60 பேரை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தினமும் ஒரு மணி நேரமாவது இரண்டு மாதம் கேட்டவர்களுக்கு, ஒலிப்புத்தகம் கேட்டவர்களையும் எதுவும் கேட்காதவர்களையும்விடச் சொல் நினைவும் கவனமும் நன்றாகத் தேறின. சிறிய ஆய்வுதான். ஆனால் கெடுதல் இல்லாத மருந்து. அவர் வயசுக் காலத்துப் பாட்டாகப் பார்த்து, டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு எது?

அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மறதி இருப்பது அவருக்கே தெரிகிறது, குறிப்புக் கொடுத்தால் ஞாபகம் வருகிறது என்றால் நோட்டு, அலாரம், மாத்திரைப் பெட்டி மூன்றையும் இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். தெரபிஸ்ட் ஒன்றிரண்டு முறை வந்து சரிபார்த்தால் போதும். வேலைக்குத் திரும்ப வேண்டிய வயது என்றால் இதோடு நியூரோ சைக்காலஜிஸ்டிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடை, கணக்கு, வண்டி ஓட்டுவது பற்றி அதை வைத்துத்தான் முடிவெடுக்கணும். மறதி இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர், குறிப்பிலும் வராதவர் என்றால் கருவியில் செலவழிப்பதைவிட ஆளில் செலவழியுங்கள். தெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர் வீட்டில் இருக்கும் நீங்கள்தான். கேஸ் அடுப்பு, ஏடிஎம் கார்டு, வெளியே தனியாகப் போவது மூன்றையும் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதச் செக்கப்புக்குப் போகும்போது நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மாத்திரை எத்தனை நாள் தவறியது, எதை அவராக டிக் போட்டார், எதற்கு நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். டாக்டருக்கும் அது உதவும், அடுத்து எதில் செலவு செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கவும் உதவும்.

இத்தனை ஒப்பீடும் மெதுவாகத் தேறிவருகிறவருக்குத்தான். நேற்று வரை சுமாராக இருந்தவர் இன்று திடீரென்று ஒன்றும் புரியாமல் பேசுகிறார், முகம் கோணுகிறது, கை தொங்குகிறது என்றால் அது மறதி கூடியது இல்லை, இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று. அதற்கும் நோட்டைப் பார்த்து நேரம் சொல்லலாம்.